ஃபார்னம் முதல் ஃபார்னம் வரை: மைக் ஹாதார்னைத் தேடி ஏழு நாள்

நாள் 1: ஃபார்னம்

வோக்கிங்கில் அக்கா வீட்டிலிருந்து ஃபார்னம் போக ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சோற்றைப் பையில் வைத்துக்கொண்டு, சின்ன ஸ்டேஷனில் இறங்கி, பக்கத்திலிருக்கும் ரயில்வே கேட் திறக்கும்வரை காத்திருந்து ஊருக்குள் நடந்தேன். சிவப்புச் செங்கல் வீடுகள், நெருக்கமான கடைகள், மேட்டில் ஒரு பழைய கோட்டை. அமைதியான ஊர்.

பந்தயக் காரில் கழுத்தில் போ டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் படத்தைப் பழைய பத்திரிகை ஒன்றில் பார்த்தபோது எனக்குப் பதினைந்து வயது இருக்கும். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். மைக் ஹாதார்ன் என்று கீழே பெயர் போட்டிருந்தது. ஃபார்முலா 1 உலகப் பட்டத்தை வென்ற முதல் பிரிட்டிஷ்காரர், 1958. பட்டம் வென்று மூன்று மாதம் முடிந்த சில நாளில், இருபத்தொன்பது வயதில், வீட்டுக்குப் பக்கத்துச் சாலையிலேயே இறந்துபோனார். படத்துக்கும் கீழே இருந்த அந்த நாலு வரிக்கும் நடுவில் என்ன நடந்தது என்ற கேள்வி இத்தனை வருஷமாக என்னை விடவில்லை. அக்கா வீட்டுக்கு வந்த சாக்கில், அவர் ஓடிய தடங்களை ஒரு வாரம் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன்.

ஹாதார்ன் பிறந்தது இங்கே இல்லை. 1929 ஏப்ரல் 10, யார்க்‌ஷரில் மெக்ஸ்பரோ என்ற ஊர். அப்பா லெஸ்லி மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர், இன்ஜின் வேலையில் கைதேர்ந்தவர். புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்துக்குப் பக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே, பையனுக்கு இரண்டு வயது இருக்கும்போது குடும்பத்தோடு இங்கே வந்து 'டூரிஸ்ட் டிராபி கராஜ்' என்ற ஒர்க்‌ஷாப்பை வாங்கினார். பையன் வளர்ந்ததெல்லாம் கிரீஸ் வாசனையில்தான். பள்ளிப் படிப்புக்கு அப்புறம் கில்ஃபோர்டில் லாரி கட்டும் டென்னிஸ் கம்பெனியில் அப்ரண்டிஸ். கார் ஓட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கார் எதனால் ஓடுகிறது என்று தெரிந்து ஓட்டியவர் இவர், அதற்கான காரணம் இந்த ஊரில் இருந்தது.

ஈஸ்ட் ஸ்ட்ரீட்டின் இரு பக்கமும் மேலும் கீழுமாக நடந்தேன். கராஜ் இருந்த அந்தத் தெருப் பக்கம் இப்போது புதுக் கட்டடங்கள், கண்ணாடிக் கடைகள். அவர் பெயரில் 'மைக் ஹாதார்ன் டிரைவ்' என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தப் பலகைக்குக் கீழே நின்று ஒரு நிமிஷம் பார்த்தேன். சாதாரணக் குடியிருப்புத் தெரு. வெளியே நிறுத்தியிருந்த காரை ஒருவர் வாளித் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். பானெட்டைத் துடைத்து முடித்துவிட்டு, குனிந்து சக்கரத்தின் உள்பக்கம்வரை கையை விட்டுத் துடைத்தார். சந்தோஷமாக இருந்தது எனக்கு.

கல்லறை வெஸ்ட் ஸ்ட்ரீட் கோடியில் இருக்கிறது. இன்று போகவில்லை. கடைசி நாளுக்கு வைத்திருக்கிறேன்.

நாள் 2: புரூக்லண்ட்ஸ்

வேப்ரிட்ஜில் இறங்கினால் கொஞ்ச தூர நடை. 1907-இல் திறந்த தடம், 1939-இல் போர் வந்ததும் மூடியவர்கள் பந்தயத்துக்காகத் திரும்பத் திறக்கவே இல்லை. விமானத் தொழிற்சாலைகள் வந்தன, நடுவில் தடத்தை வெட்டிவிட்டார்கள். மிச்சமிருப்பது அருங்காட்சியகமாக இருக்கிறது. கான்கார்ட் விமானம்கூட ஒன்று நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் முழுக்க அங்கேதான்.

நான் போனது வளைவைப் பார்க்க. வேகமாக வரும் கார் வெளியே தூக்கி எறியப்படாமல் இருக்க, வளைவின் வெளிப்புறத்தைச் சுவர் மாதிரி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். உச்சியில் மூன்று ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. கையை ஊன்றாமல் மேலே ஏறிப் போக முடியவில்லை. கான்கிரீட் வழவழப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பாளம் பாளமாக ஊற்றியது, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தூக்கல், இடுக்கில் புல், பாசி. உள்ளங்கையில் சரளை குத்துகிறது. இதன் மேல் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறார்கள்.

சின்னப் பையனாக ஹாதார்ன் அப்பாவோடு வந்து பார்த்தது இந்த இடத்தில்தான். அவர் பந்தயம் ஓட்டும் வயது வந்தபோது இது இல்லை. ஆனால் 1951-இல், பழைய ரைலி காரில் குட்வுட்டில் ஓட்டி அவர் வாங்கிய முதல் பெரிய பரிசின் பெயர் புரூக்லண்ட்ஸ் நினைவுக் கோப்பை!

நாளை குட்வுட். அக்கா மகன் லீவு போட்டுவிட்டுக் கார் எடுத்துக்கொண்டு வருகிறான்.

நாள் 3: குட்வுட்

"மாமா, இதுவா தடம்? ஏதோ ஏர்போர்ட் மாதிரி இருக்கு" என்றான் மருமகன், வண்டியை நிறுத்தியதும்.

ஏர்போர்ட்தான் அது. போர்க்காலத்தில் வெஸ்ட்ஹாம்ப்னெட் என்ற விமானப்படைத் தளம். நடுவில் புல் ஓடுதளம், அதைச் சுற்றி விமானங்களை நகர்த்தப் போட்ட சாலை. போர் முடிந்ததும் அந்தச் சுற்றுச் சாலையையே பந்தயத் தடமாக்கி 1948 செப்டம்பரில் திறந்தார்கள். ஒரு சுற்று சுமார் 3.8 கிலோமீட்டர். போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் பந்தயம் பாதிக்குப் பாதி இப்படிக் கைவிட்ட விமானத் தளங்களில்தான் வளர்ந்தது. சில்வர்ஸ்டோனும் அப்படித்தான். நாடு கடனில் கிடந்தது, பெட்ரோல் ரேஷன், புதுத் தடம் கட்டப் பணமில்லை. ஆனால் இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஸ்டெர்லிங் மாஸ், பீட்டர் காலின்ஸ், டோனி புரூக்ஸ், ஹாதார்ன் எல்லோரும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்.

வேலியோரமாக நின்று எலுமிச்சை சோற்றைச் சாப்பிட்டோம் (அக்கா இன்றும் அதையே கட்டியிருந்தாள், நானும் அதையே கேட்டேன்). ஒரு பயிற்சி விமானம் தலைக்கு மேல் ஏறிப் போனது. அப்புறம் அவனுக்கு 1952 ஈஸ்டர் திங்கள்கிழமையைச் சொன்னேன்.

அன்று ஏப்ரல் 14. ஹாதார்னுக்கு 23 வயது முடிந்து நாலு நாள். அதுவரை அவர் ஓட்டியதெல்லாம் போருக்கு முந்தைய ரைலிகள். 1950-இல் பிரைட்டன் கடற்கரைச் சாலையில் நடந்த வேகப் போட்டியில் தொடங்கி ஒன்றரை வருஷம்தான் அனுபவம். குடும்ப நண்பர் பாப் சேஸ் புதிதாக ஒரு கூப்பர்-பிரிஸ்டல் கார் வாங்கி ஓட்டக் கொடுத்தார். அப்பா லெஸ்லி எரிபொருளில் நைட்ரோமீத்தேன் கலந்து இன்ஜினுக்குக் கூடுதல் உயிர் கொடுத்திருந்தார். அந்த ஒரே மதியத்தில் இரண்டு பந்தயங்களில் முதலிடம். மூன்றாவதில், பெரிய ஃபெராரி ஓட்டிய அர்ஜென்டினாக்காரர் கொன்சாலஸுக்குப் பின்னால் இரண்டாம் இடம். காலையில் பெயர் தெரியாத கராஜ்காரர் மகன், மறுநாள் பத்திரிகையில் படம்.

"அப்பா கலந்த மருந்துதான் காரணமா மாமா?"

"அதுவும் ஒரு காரணம். ஆனா அதே வருஷம் பெல்ஜியத்தில முதல் உலகப் போட்டியிலேயே நாலாவது வந்தார், சில்வர்ஸ்டோன்ல மூணாவது. சின்ன இன்ஜினை வெச்சுக்கிட்டு. அதைப் பார்த்துத்தான் ஃபெராரி கம்பெனி முதலாளி என்ஸோ ஃபெராரி கூப்பிட்டார்."

1953-க்கு ஃபெராரி. ஃபார்னத்திலிருந்து நேரே இத்தாலியில் ஃபெராரி தொழிற்சாலை இருக்கும் மரனெல்லோ.

இந்தக் குட்வுட்டை அவர் குடும்பம் இன்னொரு காரணத்துக்காகவும் மறந்திருக்காது. 1954 ஏப்ரலில் சிசிலித் தீவின் சிரகூசா பந்தயத்தில் கார் தீப்பிடித்து ஹாதார்னுக்குக் கையிலும் காலிலும் கடும் தீக்காயம். அதே ஜூனில் லெஸ்லி இங்கே பந்தயம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் சாலை விபத்தில் இறந்தார். தீக்காயம் ஆறி வரும் நேரத்தில் அப்பாவும் இல்லை, கராஜும் தலையில் விழுந்தது. போதாக்குறைக்கு, கட்டாய ராணுவ சேவைக்குப் போகாமல் வெளிநாட்டில் கார் ஓட்டுகிறான் என்று நாடாளுமன்றத்திலேயே கேள்வி. அவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தது. ராணுவத்துக்குத் தகுதியில்லாத உடம்பு. அந்த உடம்போடுதான் அந்த வருஷக் கடைசியில் பார்சிலோனாவில் ஸ்பானிய கிராண்ட் பிரீ என்ற உலகப் பட்டப் பந்தயத்தை வென்றார். அப்பா இல்லாத கராஜைப் பார்த்துக்கொள்ளத்தான் மறுவருஷம் ஃபெராரியை விட்டு இங்கிலாந்தின் வான்வால் அணிக்கு வந்தார் என்று படித்தபோது எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

திரும்பும் வழியில் மருமகன் பேசவே இல்லை. "அப்பா இறந்தது இந்த ரோட்லயா மாமா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டான்.

நாள் 4: ரெய்ம்ஸ்

எழுத்தில் ரெய்ம்ஸ், ஊர்க்காரர்கள் வாயில் 'ரான்ஸ்'. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். தேவாலயத்தைப் பார்க்க எல்லோரும் நடந்தார்கள். நான் டாக்ஸியில் ஏறி மேற்கே கூ கிராமத்துப் பக்கம் போகச் சொன்னேன். "சர்க்யூட்டா?" என்று டிரைவர் கேட்டார். ஆமாம் என்றதும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த வயல். நேரான ஒரு மாவட்டச் சாலை. திடீரென்று வலமும் இடமும் கட்டடங்கள்: ஒரு பக்கம் வரிசையாகக் கார் நிறுத்தும் பிட் கூடங்கள், எதிர்ப்பக்கம் பார்வையாளர் மேடைகள். நடுவில் அதே சாலை, இன்றும் வண்டி ஓடும் சாலை. கடைசி ஃபார்முலா 1 இங்கே 1966-இல் நடந்தது. அப்புறம் கைவிட்டுவிட்டார்கள். உள்ளூர் ஆர்வலர்கள் சேர்ந்து மேடைகளுக்கும் சுவர்களுக்கும் திரும்ப வர்ணம் அடித்துக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

மேடையில் ஏறி உட்கார்ந்தேன். கான்கிரீட் படிகள், விளிம்பு உதிர்ந்து உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. எதிரே பிட் சுவரில் எண்ணெய், டயர் விளம்பரங்கள் கொட்டை எழுத்தில். ஒரு டிராக்டர் கலப்பையைத் தூக்கிக்கொண்டு இடமிருந்து வலமாக மெதுவாகப் போனது. அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். 1953 ஜூலை 5 அன்று இந்த இடத்தை நாலு கார் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கடந்திருக்கின்றன.

தடம் முக்கோணம் மாதிரி. 8.3 கிலோமீட்டர், நீண்ட நேர் சாலைகள், கூர்மையான திருப்பம் இரண்டு. வளைவு குறைந்த இடத்தில் ஓட்டுநரின் திறமை எங்கே தெரியும் என்று கேட்பார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் காற்றை மறைத்துக்கொண்டு ஒட்டி ஓட வேண்டும், எந்த நொடியில் வெளியே விலகித் தாண்டுவது என்று தெரிய வேண்டும், தில்வா என்ற கடைசித் திருப்பத்தில் மற்றவனைவிட ஒரு மூச்சு தாமதமாக பிரேக் பிடிக்க வேண்டும். அன்று ஃபெராரியில் ஹாதார்ன், மசெராட்டியில் ஃபாஞ்சியோ. ஃபாஞ்சியோ அப்போதே உலகப் பட்டம் வென்றவர், வயது நாற்பதைத் தாண்டியவர். ஹாதார்னுக்கு 24. கொன்சாலஸ் பாதி டாங்க் பெட்ரோலோடு கிளம்பி முன்னால் பறந்து, பாதியில் நிரப்ப நின்றார். அதன் பிறகு இவர்கள் இருவரும் சுற்றுக்குச் சுற்று இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் ஓடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிகிற தூரம்.

அறுபது சுற்று, 500 கிலோமீட்டர், இரண்டே முக்கால் மணி நேரம். கடைசியில் தில்வா திருப்பத்திலிருந்து முதலில் வெளியே வந்தது ஹாதார்ன். வெற்றி வித்தியாசம் ஒரே நொடி. கொன்சாலஸ் ஃபாஞ்சியோவுக்குப் பின்னால் அரை நொடிகூட இல்லை. அந்த வருஷமும் பட்டம் வென்ற அஸ்காரி நாலாவது, ஐந்து நொடிக்குள். உலகப் பட்டத்துக்கான கிராண்ட் பிரீயை ஒரு பிரிட்டிஷ்காரர் வென்றது அதுதான் முதல் தடவை. போ டையைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் அவருக்கு 'பாப்பியோன்' என்று பெயர் வைத்தார்கள். வண்ணத்துப்பூச்சி. அவர்கள் மொழியில் போ டைக்கும் அதே சொல்தான்.

இதே மேடைக்கு முன்னால் 1958 ஜூலை 6 அன்றும் அவர்தான் வென்றார். அதைச் சொல்லாமல் போக முடியாது. மறுபடி ஃபெராரிக்கே திரும்பியிருந்த அவரைத் துரத்தி வந்த சக ஃபெராரி ஓட்டுநர் லூயிஜி முஸ்ஸோ, மேடையைத் தாண்டியதும் வரும் வேகமான வலது வளைவில் தடம் விட்டுப் போய் இறந்தார். ஃபாஞ்சியோவுக்கு அதுதான் கடைசிப் பந்தயம். ஐந்து முறை பட்டம் வென்ற அந்தப் பெரியவரை ஒரு முழுச் சுற்று பின்தள்ளித் தாண்டும் நிலைக்கு ஹாதார்ன் கடைசியில் வந்துவிட்டார். தாண்டவில்லை. வேகத்தைக் குறைத்து அவரை முன்னால் விட்டுவிட்டார். எனக்கு ஹாதார்னைப் பிடித்ததற்கான காரணத்தை யாராவது கேட்டால் இந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

டாக்ஸி டிரைவர் மீட்டரை நிறுத்திவிட்டுத் தானும் மேடையில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

நாள் 5: லெ மான்

இந்த நாளைப் பற்றி எழுத நேற்றிலிருந்தே தயக்கம்.

பாரிஸிலிருந்து ஒரு மணி நேர ரயில், அப்புறம் ஊர் டிராமில் கடைசி நிறுத்தம். நுழைவாயிலிலேயே அருங்காட்சியகம். இது ஃபார்முலா 1 இல்லை. ஒரு காரை ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும், ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் 24 மணி நேரப் பந்தயம், 1923-இல் தொடங்கியது. மேடைக்குப் போய் நின்றேன். கீழே அகலமான தடம், அதற்கு அப்பால் சுவர், அதற்கும் அப்பால் பிட் பாதை, பெரிய கட்டடம். இதில் எதுவும் 1955-இல் கிடையாது. பிட்டுக்கும் ஓடும் தடத்துக்கும் நடுவில் சுவர் இல்லை, வேகம் குறைக்கத் தனிப் பாதை இல்லை. 1923-இன் கார்களுக்கு ஏற்ற ஒரு குறுகிய சாலையின் ஓரத்திலேயே நிறுத்த வேண்டும். அதே சாலையில் மற்றவர்கள் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போவார்கள். எதிர்ப்பக்கம் ஒரு மண் கரை, அதன் பின்னால் மக்கள்.

ஜூன் 11, சனிக்கிழமை, மாலை 6:26. இரண்டரை மணி நேரமாக ஜாகுவாரில் ஹாதார்னும் மெர்சிடஸில் ஃபாஞ்சியோவும் ரெய்ம்ஸ் மாதிரியே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் போட ஹாதார்ன் பிட்டுக்குள் வர வேண்டும். மெதுவாகப் போய்க்கொண்டிருந்த லான்ஸ் மேக்லினின் ஆஸ்டின்-ஹீலியைத் தாண்டினார். தாண்டியதும் வலது பக்கம் ஒதுங்கி பிரேக் பிடித்தார். ஜாகுவாரில் டிஸ்க் பிரேக், சட்டென்று வேகம் இறங்கும். பின்னால் வந்த மேக்லின் அதைத் தவிர்க்க இடது பக்கம் விலகினார். அந்த இடத்துக்குப் பின்னாலிருந்து மெர்சிடஸில் பியர் லெவெக் வந்துகொண்டிருந்தார். ஹீலியின் சரிந்த பின்பக்கம் அவர் காருக்குச் சறுக்குப் பலகை மாதிரி ஆனது. கார் மேலே எழும்பிக் கரையில் மோதி உடைந்தது. இன்ஜினும் முன் அச்சும் பானெட்டும் கூட்டத்துக்குள் போயின. லெவெக்கும் பார்வையாளர்களுமாக 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மோட்டார் பந்தய வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இல்லை.

பந்தயத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இரண்டு லட்சத்துக்கும் மேலான கூட்டம் ஒரேயடியாகச் சாலைக்கு வந்து ஆம்புலன்ஸ்களை மறித்துவிடும் என்றார்கள். ஹாதார்ன் நிலைகுலைந்து போயிருந்தார். இனி ஓட்டவே மாட்டேன் என்றாராம். துணை ஓட்டுநர் ஐவர் பூப் காரை எடுத்துக்கொண்டு போனார். முன்னணியில் இருந்த மெர்சிடஸ் அணி நள்ளிரவுக்குப் பின் தன் கார்களை விலக்கிக்கொண்டது. ஜாகுவார் விலகவில்லை. அதன் தலைவர் வில்லியம் லயன்ஸ் தன் ஒரே மகனைச் சில நாள் முன்புதான், இதே லெ மானுக்கு வரும் வழியில், சாலை விபத்தில் இழந்திருந்தார். ஞாயிறு மாலை ஹாதார்னும் பூப்பும் வென்றார்கள். அப்போது எடுத்த ஒரு படத்தில் ஹாதார்ன் ஷாம்பெயின் குடித்தபடி சிரிக்கிறார். பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று அந்தப் படத்தைக் கசப்பான வாசகத்தோடு போட்டது.

விசாரணையில் எந்த ஓட்டுநர் மேலும் குற்றமில்லை என்று முடிவானது, தடம்தான் ஆபத்தானது என்றார்கள். பிட்டுகளை இடித்துப் பின்னால் தள்ளிக் கட்டினார்கள். சுவிட்சர்லாந்து தன் நாட்டில் தடப் பந்தயத்தையே தடை செய்தது. மெர்சிடஸ் அந்த வருஷக் கடைசியில் பந்தயத்தை விட்டுப் போனது. பிற்பாடு ஹாதார்ன் தன் வாழ்க்கைக் கதையில் தன் மேல் தவறில்லை என்று எழுத, பழி தன் பக்கம் திரும்புகிறதே என்று மேக்லின் வழக்குப் போட்டார். அது விசாரணைக்கு வரும் முன்பே ஹாதார்ன் இறந்துவிட்டார்.

மேடையில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கார் தாண்ட, ஒதுங்க, நிற்க என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அன்று அவருக்குக் கிடைத்தது சில நொடிகள். தாண்டாமல் ஹீலிக்குப் பின்னாலேயே போய் நின்றிருக்கலாமே என்று எனக்குத் தோன்றத்தான் செய்கிறது. இருபத்தாறு வயதில், முதலிடத்தில், ஃபாஞ்சியோ பின்னால் வரும்போது யாருக்கும் அது தோன்றியிருக்காது என்றும் தோன்றுகிறது. அவரைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தை மட்டும் இந்த வயதிலும் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. சிரித்திருக்க வேண்டாம்.

வெளியே வந்து கொஞ்ச நேரம் டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு டிராமை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.

நாள் 6: திரும்பும் ரயிலில்

இன்று பார்த்த இடம் எதுவும் இல்லை. ரயில், மெட்ரோ, மறுபடி ரயில். கடலுக்கு அடியில் போகும்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போர்டோவுக்கும் காசாபிளாங்காவுக்கும் போக இந்தத் தடவை முடியவில்லை, அதனால் 1958-ஐ இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் ஹாதார்ன் வென்றது ரெய்ம்ஸ் ஒன்றுதான். ஸ்டெர்லிங் மாஸ் நாலு வென்றார், டோனி புரூக்ஸ் மூன்று. ஆனாலும் பட்டம் ஹாதார்னுக்கு: 42 புள்ளி, மாஸுக்கு 41. ஐந்து இரண்டாம் இடங்கள், ஐந்து அதிவேகச் சுற்றுகள். அந்தக் காலத்தில் அதிவேகச் சுற்றுக்கு ஒரு புள்ளி உண்டு. "ஒரே ஒரு வெற்றியில் சாம்பியன்" என்று இளக்காரமாக எழுதுகிறவர்களை நிறையப் படித்திருக்கிறேன். கார் உடையாமல் ஒவ்வொரு முறையும் முன்வரிசையில் கொண்டுவந்து சேர்த்தது திறமை இல்லையா?

ஆனால் அந்தப் பட்டத்தில் மாஸின் கையும் இருக்கிறது. ஆகஸ்ட் 24, போர்ச்சுகல், போர்டோ நகரத் தெருக்களில் பந்தயம். டிராம் தண்டவாளம் குறுக்கே போகும் கல் பாவிய சாலை. மாஸ் முதலாவது, ஹாதார்ன் இரண்டாவது. கடைசிச் சுற்றில் ஹாதார்ன் சுழன்று நின்று, வண்டியைக் கிளப்ப எதிர்த் திசையில் ஓட்டினார் என்று அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். பார்த்துக்கொண்டு போன மாஸ் நேரே அதிகாரிகளிடம் போய், அவர் ஓட்டியது தடத்தில் இல்லை, நடைபாதையில், எனவே விதி மீறல் இல்லை என்று சாட்சி சொன்னார். 7 புள்ளிகள் ஹாதார்னுக்குத் திரும்பக் கிடைத்தன. மாஸ் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பட்டம் அவருடையது. வாழ்நாளில் அவருக்கு அது கிடைக்கவே இல்லை.

அதற்கு மூன்று வாரம் முன்பு, ஆகஸ்ட் 3, ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங்கில் ஹாதார்னின் உயிர் நண்பர் பீட்டர் காலின்ஸ் அவர் கண்ணெதிரே தடத்தை விட்டுப் பறந்தார். ஒருவரை ஒருவர் 'மோன் அமி மேட்' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். பிரெஞ்சில் நண்பா, ஆங்கிலத்தில் நண்பா, இரண்டும் சேர்த்து. அன்றிரவே காலின்ஸ் இறந்தார். ஒரே மாதத்தில் முஸ்ஸோ, காலின்ஸ். அக்டோபர் 19 மொராக்கோவின் காசாபிளாங்காவில் சக ஓட்டுநர் ஃபில் ஹில் வழிவிட, இரண்டாவதாக வந்து ஹாதார்ன் பட்டத்தை வென்றார். அந்தப் பந்தயத்தில் தீக்காயம்பட்ட ஸ்டூவர்ட் லூயிஸ்-எவான்ஸ் ஆறு நாள் கழித்து இறந்தார்.

போதும் என்று பந்தயத்தை விட்டுவிட்டார். கராஜைப் பார்த்துக்கொள்ளலாம், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

நாள் 7: ஹாக்ஸ் பேக், கில்ஃபோர்ட், ஃபார்னம்

ஞாயிற்றுக்கிழமை. மருமகனே கேட்டுக்கொண்டு வந்தான். முதலில் கல்லறை. வெஸ்ட் ஸ்ட்ரீட் கோடியில், சரிவான புல்வெளியில், சுற்றிலும் ஊர்க்காரர்கள் கல்லறைகள். கொண்டுபோன மஞ்சள் சாமந்தியை வைத்தேன். கல்லின் மேல் ஈர இலைகள் ஒட்டியிருந்தன, மருமகன் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான்.

அப்புறம் அவர் 1959 ஜனவரி 22 அன்று போன வழியிலேயே போனோம். ஃபார்னத்திலிருந்து கில்ஃபோர்டுக்கு ஹாக்ஸ் பேக் என்ற நீண்ட சுண்ணாம்புக் குன்றின் முதுகு மேலேயே சாலை ஓடுகிறது. இரண்டு பக்கமும் பள்ளத்தில் வயல், தோப்பு. காற்று காரைத் தள்ளுகிறது. அன்றும் காற்று, மழை ஈரம். லண்டனை நோக்கித் தன் 3.4 லிட்டர் ஜாகுவாரில் போனார். குன்று இறங்கிக் கில்ஃபோர்ட் புறவழிச் சாலையில் சேரும் இடத்துக்குப் பக்கம், முன்னால் தெரிந்த ஒரு மெர்சிடஸ். ஓட்டியவர் ராப் வாக்கர், நண்பர், பந்தய அணி வைத்திருந்தவர். 1958-இன் முதல் பந்தயத்தை மாஸ் வென்றது இவருடைய காரில்தான். இருவரும் வேகம் பிடித்தார்கள். ஹாதார்ன் தாண்டினார். வளைவில் ஜாகுவார் வழுக்கி, எதிர்ப்பக்கச் சாலைக்குப் போய், ஒரு லாரியில் உரசி, ஓரத்து மரத்தில் மோதியது. அங்கேயே முடிந்துவிட்டது.

நாங்கள் போனபோது அந்தச் சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மூன்று பக்கமும் கார்கள், வேக எச்சரிக்கைப் பலகைகள், மேலே பாலம். நிறுத்தி இறங்க வழியில்லை. ஓரத்தில் மரங்கள் வேகமாகப் பின்னால் போயின.

"மாமா, இதுதானா?"

"இதுதான் மாப்ளே."

அடுத்த ரவுண்டானாவில் வண்டியைத் திருப்பினான். "இன்னொரு தடவை போகலாம் மாமா. இந்தத் தடவை மெதுவா போறேன், நல்லா பாத்துக்குங்க" என்றான். இடது ஓரமாக, பின்னால் வந்தவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போக, மறுபடியும் அந்த வளைவில் இறங்கினோம்.